ஒரே உப்பு, ஒரே உருக்கு, பத்து மடங்கு வித்தியாசம்: எந்த எண்ணை நம்புவது?

மார்ச் 4, மாலை. கேள்வி
உருகிய உப்பில் ஓடும் அணு உலைகளுக்காகப் பல்கலைக்கழகங்கள் செய்யும் அரிப்பு ஆய்வுகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஃப்ளைநாக் உப்பு (லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஃபுளோரைடுக் கலவை), துருப்பிடிக்காத 316 உருக்கு, 700 டிகிரி செல்சியஸ், 1000 மணி நேரம். ஓர் அறிக்கை சொல்லும் எடை இழப்பு இன்னொன்று சொல்வதைப் போலப் பத்து மடங்கு. இரண்டிலும் உப்பு "99 சதவீதத்துக்கு மேல் தூய்மை". உப்பை மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்கி, உருக்குத் தகட்டை அதில் தொங்கவிடும் இந்த மூசைச் சோதனைகளே வீண் என்பது என் கட்சி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் அறுபதுகளிலேயே இப்படியோர் உலையை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். இன்னும் எதற்கு 100 கிராம் உப்பைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

மார்ச் 4, இரவு. பதில்
புட்டியில் ஒட்டியிருக்கும் 99 சதவீதம் பெரும்பாலும் உலோக அசுத்தங்களை மட்டும் பார்த்துச் சொல்வது. ஈரம் அந்தக் கணக்கில் வராது. இங்கே வில்லனே ஈரம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் உப்பில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) தண்ணீர் என்றால் 0.1 கிராம், அதாவது 5.55 மில்லிமோல். சூட்டில் ஒரு தண்ணீர் மூலக்கூறு இரண்டு ஃபுளோரைடு அயனிகளோடு சேர்ந்து ஓர் ஆக்சைடு அயனியையும் இரண்டு ஹைட்ரஜன் ஃபுளோரைடு (இனி எச்எஃப்) மூலக்கூறுகளையும் தரும். இரண்டு எச்எஃப் சேர்ந்து உருக்கிலிருந்து ஒரு குரோமியம் அணுவைப் பிடுங்கி, டைஃபுளோரைடாக உப்பில் கரைத்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளியே போகும். ஆக 5.55 மில்லிமோல் தண்ணீருக்கு 5.55 மில்லிமோல் குரோமியம், 289 மில்லிகிராம். 20 × 10 × 1.5 மில்லிமீட்டர் தகடு இரண்டைத் தொங்கவிட்டிருந்தால் மொத்தப் பரப்பு சுமார் 9.8 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 29 மில்லிகிராம் இழப்பு. அதே உப்பில் 50 பிபிஎம் தண்ணீர் மட்டும் இருந்தால் 1.5 மில்லிகிராம்.

உப்பை யார் எப்படி உலர்த்தினார்கள் என்பதிலேயே இருபது மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. உருக்கைப் பற்றி இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

மார்ச் 5, காலை
நேற்றைய கணக்கு உச்சவரம்பு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் அறிக்கை எழுதிவிட வேண்டாம். சூடேற்றும்போதே தண்ணீரில் ஒரு பங்கு நீராவியாகப் போய்விடும். உண்டாகும் எச்எஃப்பிலும் ஒரு பங்கு மேலே ஓடும் ஆர்கானோடு வெளியேறும். எவ்வளவு போகும், எவ்வளவு தங்கும் என்பது சூடேற்றும் வேகத்தையும் மூசையின் வாய் அகலத்தையும் பொறுத்தது. நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றுகிறவருக்கும் 1 டிகிரி ஏற்றுகிறவருக்கும் ஒரே புட்டி உப்பு வேறு வேறு விடை தரும்.

மூடியை வெல்டிங் செய்து பற்றவைத்த குப்பியில் சோதனை செய்தால் எதுவும் தப்பிக்க வழியில்லை. அங்கே நேற்றைய கணக்கு கிட்டத்தட்ட நிஜமாகிவிடும்.

மார்ச் 5, மதியம்
"316 உருக்கின் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் இருக்குமே, அது காப்பாற்றாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். காப்பாற்றாது. ஃபுளோரைடு உப்பு அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். காற்றிலும் தண்ணீரிலும் துருப்பிடிக்காத உருக்குக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படலம் இங்கே செல்லாக்காசு. மிஞ்சுவது வெப்ப இயக்கவியல் மட்டும்: எந்த உலோகத்தின் ஃபுளோரைடு அதிக உறுதியானதோ அந்த உலோகம் முதலில் கரையும். குரோமியம் முதலில், இரும்பு அடுத்து, நிக்கல் அதற்கும் பின்னால், மாலிப்டினம் கடைசி. ஓக் ரிட்ஜ்காரர்கள் ஹாஸ்டெல்லாய்-என் என்ற நிக்கல் கலவையில் குரோமியத்தை 7 சதவீதத்துக்குக் குறைத்து, மாலிப்டினத்தை 16 சதவீதம் வைத்ததற்கு இந்த வரிசைதான் காரணம். அந்த 7 சதவீதமும் வெளிப்புறக் காற்றைத் தாங்குவதற்காக விட்டுவைத்தது.

குரோமியம் மேற்பரப்பிலிருந்து சீராகவும் போவதில்லை. மணி எல்லைகள் (உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்) வழியாக உள்ளே வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகும். எடை இழப்பு சின்னதாகத் தெரியும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நூறு மைக்ரான் ஆழத்துக்குக் காலி இடங்கள். எடை எண்ணை மட்டும் தந்து, வெட்டுமுகப் படம் தராத அறிக்கையைப் பாதி அறிக்கையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 6
கலவை எடைகளைக் கேட்டவருக்கு. ஃப்ளைநாக் என்றால் லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஃபுளோரைடுகள் 46.5 : 11.5 : 42 மோல் சதவீதம், உருகுநிலை 454 டிகிரி. 100 கிராமுக்கு லித்தியம் ஃபுளோரைடு 29.21, சோடியம் ஃபுளோரைடு 11.70, பொட்டாசியம் ஃபுளோரைடு 59.09 கிராம்.

மூன்றில் தொல்லை தருவது பொட்டாசியம்தான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்பே குடிக்கிறது. திறந்த புட்டி தட்டில் கிடந்தால் டைஹைட்ரேட்டாக மாறி ஈரக்கட்டியாகிவிடும். எடை போடும்போது அதில் 2 சதவீதம் தண்ணீர் இருந்தால் கலவையே நகர்ந்துவிடும்: பொட்டாசியம் 42க்குப் பதில் 41.5, லித்தியம் 46.9. உருகுநிலையில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் 59 கிராமில் 2 சதவீதம் என்றால் 1.2 கிராம் தண்ணீர். மார்ச் 4 கணக்கில் போட்ட 0.1 கிராமைப் போலப் பன்னிரண்டு மடங்கு.

உலர்த்தும் முறை: மூன்றையும் தனித்தனியாக, வெற்றிடத்தில், படிப்படியாக. முதலில் 100 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் நிறுத்தி, பிறகு 200, கடைசியில் 300 முதல் 400 வரை ஒரு முழு நாள். அவசரப்பட்டு நேரே 400க்கு ஏற்றினால் தண்ணீர் வெளியேறுவதற்கு முன் ஃபுளோரைடோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகவும் ஆக்சைடாகவும் உள்ளே தங்கிவிடும். அதற்கு மேல் எத்தனை நாள் வெற்றிடத்தில் வைத்தாலும் அந்த ஆக்சைடு போகாது. உலர்ந்ததை அதே கலத்தில் மூடி, குளோவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) கொண்டுபோய்த்தான் எடை போட வேண்டும்; உள்ளே தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் 1 பிபிஎம்முக்குக் கீழே.

மார்ச் 6, பின்னிரவு
மேலே "ஆக்சைடு போகாது" என்றேன். வெற்றிடத்துக்குப் போகாது என்று திருத்திக்கொள்கிறேன். எச்எஃப் கொடுத்தால் போகும்.

ஓக் ரிட்ஜ் வழி: உருகிய உப்புக்குள் 600 டிகிரியை ஒட்டி, ஹைட்ரஜனில் கலந்த எச்எஃப் வாயுவைக் குமிழியிடுவது. எச்எஃப் ஆக்சைடைத் தண்ணீராக மாற்றி வெளியேற்றும். ஹைட்ரஜன் கூடவே இருப்பதால் நிக்கல் கலம் அரிபடாது. கந்தக அசுத்தமும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கிளம்பிவிடும். கடைசியில் வெறும் ஹைட்ரஜன் ஓட்டி, கரைந்திருக்கும் நிக்கல், இரும்பு ஃபுளோரைடுகளை உலோகமாக்கி வடிகட்ட வேண்டும்.

எச்எஃப் உருளையை வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்காத ஆய்வகங்கள் அமோனியம் பைஃபுளோரைடை நாடுகின்றன. 126 டிகிரியில் உருகும் திடப்பொருள். உப்புத்தூளோடு சுமார் பத்தில் ஒரு பங்கு கலந்து, மெதுவாகச் சூடேற்றினால் எச்எஃப்பை உள்ளேயே விடும். மலிவு, எளிது. ஆனால் மூன்று இடத்தில் காலை வாரும். ஒன்று, வெளியே வரும் அமோனியம் ஃபுளோரைடு குளிர்ந்த குழாயில் வெள்ளையாகப் படிந்து வழியை அடைக்கும். அடைத்தால் அழுத்தம் ஏறும், ஆகவே வெளியேறும் குழாயைச் சூடாகவே வாயுவைப் பிடிக்கும் குடுவை வரை கொண்டுபோக வேண்டும். இரண்டு, இந்த முறையில் ஹைட்ரஜன் துணை இல்லை, ஆகவே நிக்கல் மூசையே கொஞ்சம் அரிபட்டு நிக்கல் ஃபுளோரைடு உப்பில் சேரும். மூன்றாவது, வாயுவைப் பிடிக்கும் குடுவை. அதைக் கண்ணாடியில் வைத்தவர்கள் ஒரு முறைக்கு மேல் வைப்பதில்லை.

குவார்ட்ஸ் குழாயைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். எச்எஃப் சிலிக்காவைத் தின்று சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு வாயுவையும் தண்ணீரையும் தரும். அந்தத் தண்ணீர் மறுபடி உப்பில் புகுந்து எச்எஃப் ஆகும். வட்டிக்கு வட்டி மாதிரி. குழாய் தீரும்வரை நிற்காது.

கால்சியம் குளுக்கோனேட் 2.5 சதவீதக் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இதில் எதையும் தொடக்கூடாது. எச்எஃப் பட்ட இடம் முதலில் வலிக்காமலும் இருக்கலாம். அதுதான் ஆபத்து.

மார்ச் 8
இடையில் வந்த கேள்வி: "ஓர் அறிக்கையில் தகட்டின் எடை கூடியிருக்கிறது. அப்படியானால் அரிப்பே இல்லையா?"

நேற்றுமுன்தினம் சொன்ன நிக்கல் ஃபுளோரைடு இங்கே வேலை காட்டுகிறது. அது தகட்டின் குரோமியத்தைச் சந்தித்தால் இடம் மாற்றிக்கொள்ளும்: குரோமியம் உப்புக்குள் கரையும், நிக்கல் தகட்டின் மேல் உலோகமாகப் படியும். ஒரு மோல் போனால் 52 கிராம், வந்தால் 58.7 கிராம். ஆகவே தகடு அரிபட அரிபட எடை ஏறும். தராசு லாபம் காட்டும், உருக்கு நஷ்டத்தில் இருக்கும்.

மார்ச் 4 அன்று எடை இழப்பை மட்டும் வைத்துப் பேசினேன். அந்த அளவுகோலே தள்ளாடுகிறது என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சோதனைக்குப் பின் உப்பில் குரோமியம், இரும்பு, நிக்கல் எவ்வளவு என்று அளந்து, தகட்டில் போனதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் மீதி மூசைச் சுவரில் இருக்கிறது.

மார்ச் 8, மாலை
மூசைச் சுவர். இது தனிக் குறிப்புக்குரிய விஷயம்.

கிராஃபைட் மூசையில் வைத்த உலோகக் கலவை, அதே கலவையால் செய்த குப்பியில் வைத்ததைவிட வேகமாக அரிபடும். கரைந்த குரோமியம் கிராஃபைட் சுவருக்குப் போய் கார்பைடாக ஒட்டிக்கொள்கிறது. உப்பில் குரோமியம் நிறைந்து வினை தானாக நிற்க வேண்டிய இடத்தில், சுவர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நிக்கல் மூசையும் சாது அல்ல: கரைந்த குரோமியம் நிக்கலோடு கலவையாகி அங்கே குடியேறும். கண்ணாடிக் கார்பன் மூசை கிராஃபைட்டைவிடப் பரவாயில்லை, துளையில்லாததால் உப்பை உறிஞ்சாது. கார்பனுக்குரிய குணம் மட்டும் மிஞ்சும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெயர் பெற்ற சோதனைகள் 850 டிகிரி, 500 மணி நேரம், ஃப்ளைநாக், கிராஃபைட் மூசை. கலவைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அருமையான தொகுப்பு. ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்து, முழுக்க உலோகத்தால் ஆன சுற்றுக்கு "ஆண்டுக்கு இவ்வளவு மைக்ரான்" என்று நீட்டிக்கக்கூடாது. கிராஃபைட்டும் உலோகமும் ஒரே உப்பில் நனையும் உலை என்றால் கதை வேறு. அங்கே கிராஃபைட் மூசைதான் நிஜத்துக்குப் பக்கம்.

மார்ச் 9
கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இப்போதுதான் வருகிறேன். "ஓக் ரிட்ஜில் ஓட்டிவிட்டார்களே."

ஓட்டினார்கள். 1965 ஜூன் 1இல் முதல் தொடர்வினை, 1969 டிசம்பரில் நிறுத்தம். சுமார் 7.4 மெகாவாட் வெப்பம். எரிபொருள் உப்பில் லித்தியம், பெரிலியம், சிர்க்கோனியம், யுரேனியம் ஃபுளோரைடுகள். அதில் 5 மோல் சதவீதம் சிர்க்கோனியம் ஏன் என்றால், தப்பித்தவறி ஆக்சிஜன் புகுந்தால் யுரேனியம் ஆக்சைடு படிவதற்கு முன் சிர்க்கோனியம் ஆக்சைடு படியட்டும் என்று. உப்பில் கரைந்த குரோமியம் அத்தனை ஆண்டு ஓட்டத்தில் 38 பிபிஎம்மிலிருந்து 85க்கு மட்டும் ஏறியது. பொறாமைப்பட வைக்கும் எண்.

அதைச் சாதித்தது உலோகக் கலவை மட்டும் அல்ல. உப்பின் ஆக்சிசனேற்ற நிலையை (உலோகத்தை அரிக்க அதற்கு இருக்கும் நாட்டத்தை) கையில் பிடித்து வைத்திருந்தார்கள். யுரேனியம் டெட்ராஃபுளோரைடு, டிரைஃபுளோரைடு விகிதம்தான் கடிவாளம். பிளவு நடக்கும்போது ஒரு யுரேனியம் அணு நான்கு ஃபுளோரினை விட்டுவிட்டுப் போகிறது. பிறக்கும் பிளவுப்பொருட்களால் அந்த நான்கையும் முழுதாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆகவே உலை ஓட ஓட உப்பு தானாகவே அரிக்கும் பக்கம் சாய்கிறது. அவ்வப்போது பெரிலியம் உலோகத் தண்டை உப்பில் அமிழ்த்தி விகிதத்தை இழுத்துப் பிடித்தார்கள்.

அளவுக்கு மீறி எதிர்ப்பக்கம் இழுத்து ஒடுக்கினாலும் வம்பு: விகிதம் மிகவும் இறங்கினால் யுரேனியம் கிராஃபைட்டோடு சேர்ந்து கார்பைடாகத் தொடங்கும். விகிதம் ஏறினால் பிளவில் பிறந்த டெல்லூரியம் ஹாஸ்டெல்லாயின் மணி எல்லைகளில் புகுந்து மேற்பரப்பில் வெடிப்பு உண்டாக்கும். இந்த டெல்லூரியம் விவகாரம் உலையை நிறுத்தி, துண்டுகளை வெட்டிப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. பின்னால் நடந்த ஆய்வு, விகிதத்தை 60க்குக் கீழே வைத்தால் வெடிப்பு அடங்கும் என்று காட்டியது.

ஆகவே "ஓட்டிவிட்டார்களே" என்பது உண்மை. ஓட்டி, ஒரு புதுக் கேள்வியோடு நிறுத்தினார்கள் என்பதும் உண்மை.

மார்ச் 9, இரவு
"அப்படியானால் பல்கலைக்கழகங்கள் ஏன் பெரிலியம் உப்பிலேயே சோதிக்காமல் ஃப்ளைநாக்கைக் கட்டிக்கொண்டு அழுகின்றன?"

பெரிலியம் தூசு நுரையீரலுக்கு எமன். அமெரிக்காவில் 2017 விதிப்படி எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் கனமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம்தான் வரம்பு. தனி அறை, தனிக் காற்றோட்டம், மேசை துடைத்து மாதிரி எடுப்பது, வேலை செய்கிறவருக்கு மருத்துவக் கண்காணிப்பு. ஒரு பேராசிரியரும் மூன்று மாணவர்களும் உள்ள குழுவுக்கு இது மலை. ஃப்ளைநாக் உருகுநிலை 454, லித்தியம், பெரிலியம் ஃபுளோரைடுக் கலவையான ஃப்ளைப்பின் உருகுநிலை 459. அடர்த்தியும் 700 டிகிரியில் இரண்டுக்கும் கன செ.மீ.க்கு 1.9 முதல் 2.0 கிராம் வரை. மாற்று வேடம் நன்றாகவே பொருந்துகிறது.

பொருந்துவது பம்புக்கும் குழாய்க்கும்தான். வேதியியலில் பொருந்தாது. ஃப்ளைப்பில் இருக்கும் ஃபுளோரைடைப் பெரிலியம் நான்கு நான்காகப் பிடித்து வைத்திருக்கிறது. ஃப்ளைநாக்கில் பிடிக்க ஆளில்லை. ஃபுளோரைடு சும்மா அலைகிறது. ஆகவே அங்கே குரோமியம் மூன்று மின்சுமையோடு ஆறு ஃபுளோரைடைச் சேர்த்துக்கொண்டு நிலைபெற முடிகிறது. ஃப்ளைப்பில் பெரும்பாலும் இரண்டு மின்சுமையோடு நிற்கும். சோதனை முடிந்த ஃப்ளைநாக் பச்சையாக உறைவது இந்த மும்மை குரோமியத்தால்தான். ஒரு குரோமியம் மூன்று ஃபுளோரைடாகவும் கரையலாம் என்றால் மார்ச் 4 கணக்கும் மாறும்: அதே எச்எஃப் மூன்றில் இரண்டு பங்கு குரோமியத்தைத்தான் எடுக்கும், 289க்குப் பதில் 193. ஆனால் அந்த மும்மை குரோமியம் மறுபடி தகட்டின் குரோமியத்தைத் தாக்கி இருமையாகலாம். கடைசியில் எங்கே நிற்கும் என்பது சமநிலை சொல்லும் விடை, இரண்டு எண்ணுக்கும் நடுவில்.

பெரிலியத் தண்டு வித்தைக்கு நேர் மாற்று ஃப்ளைநாக்கில் கிடையாது. வலுவான ஒடுக்கி போட்டால் பொட்டாசியம் உலோகம் பிறக்கும். அதன் கொதிநிலை 759 டிகிரிதான். 700இலேயே தாராளமாக ஆவியாகி, குளோவ் பாக்ஸின் குளிர்ந்த விளிம்பில் போய்ப் படிகிறது. அதைத் துடைக்க ஈரத்துணியோடு போகாதீர்கள்.

மார்ச் 11
ஆக்சிசனேற்ற நிலை, ஆக்சிசனேற்ற நிலை என்று ஓதிக்கொண்டிருக்கிறேன், அதை அளப்பது எப்படி என்று ஒருவர் சரியாகவே மடக்கியிருக்கிறார்.

மின்முனை வைத்துத்தான். ஆனால் தண்ணீரில் இருப்பதுபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒப்பீட்டு மின்முனை இங்கே இல்லை. நிக்கல் கம்பி, நிக்கல் ஃபுளோரைடு கலந்த உப்பு, இரண்டையும் போரான் நைட்ரைடு உறைக்குள் அடைத்துச் செய்வது ஒரு வழி. அந்த உறையை உப்பு நனைக்க மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும். அதுவரை காட்டும் மின்னழுத்தம் வெறும் இரைச்சல். நனைந்த பிறகு மெல்ல உள்ளே இருக்கும் நிக்கல் வெளியே கசியும். பிளாட்டினம் கம்பியைச் சும்மா நட்டு அதையே ஒப்பீடாக வைப்பவர்களும் உண்டு. அது நிலையாக நிற்காது. ஒவ்வொரு அளவீட்டிலும் பொட்டாசியம் படியும் எல்லை வரை ஓட்டி, அந்த எல்லையைச் சுழியாக வைத்து மற்றதை அதிலிருந்து எண்ணினால் தப்பிக்கலாம்.

அடுத்து மின்முனையின் பரப்பு. 1 மி.மீ. டங்ஸ்டன் கம்பி 10 மி.மீ. அமிழ்ந்தால் 32.2 சதுர மி.மீ. உப்பு கம்பியைத் தொற்றிக்கொண்டு மேலேறும்; மட்டம் 1 மி.மீ. தவறினால் பரப்பு 10 சதவீதம் தவறு, பரவல் குணகம் (கரைந்த அயனி உப்பில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் எண்) பரப்பின் வர்க்கத்தில் போவதால் அதில் 20 சதவீதம். மட்டத்தை ஊகிக்காதீர்கள். திருகு அளவியோடு கம்பியை 2 மி.மீ. படியாக நான்கைந்து முறை இறக்கி, ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் எடுத்து, கோட்டின் சாய்வை மட்டும் பயன்படுத்துங்கள். தொடக்க மட்டம் எங்கே என்ற கேள்வியே எழாது.

மின்னோட்டத்திலிருந்து பரவல் குணகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தவறாகப் போடுவதும் இங்கே சகஜம். கரைந்தது கரைந்ததாகவே மாறினால் (மும்மை குரோமியம் இருமையாவது) அந்தச் சூத்திரத்தில் உச்சி மின்னோட்டத்தின் குணகம் 0.446. கரைந்தது உலோகமாகப் படிந்தால் 0.611. படிவுக்கு முதல் குணகத்தைப் போட்டால் பரவல் குணகம் 1.87 மடங்கு ஊதிவிடும். இரண்டு அறிக்கை இரண்டு மடங்கு வேறுபட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

மார்ச் 12
சின்ன விஷயம். உப்பை உருக்கும்போது மேலிருந்து கீழே உருக்குங்கள். அடி முதலில் உருகினால் விரியும் திரவத்துக்கு மேலே போக வழியில்லை. மேல் கட்டி மூடி போல உட்கார்ந்திருக்கும். மூசை பிளக்கும்.

மார்ச் 14
மாதிரி எடுப்பது பற்றி விட்டுப்போயிற்று. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது இங்கே பொய். உப்பு மெதுவாகக் குளிர்ந்து உறையும்போது சேர்மங்கள் பிரிந்து படியும்; கட்டியின் மேல் ஓரத்தில் சுரண்டினால் குரோமியம் ஓர் அளவு, அடியில் வேறு அளவு. உருகிய நிலையிலேயே குளிர்ந்த நிக்கல் தண்டை ஒரு நொடி அமிழ்த்தி எடுத்தால் மேலே மெல்லிய ஓடாக ஒட்டி உடனே உறையும். அந்த ஓட்டை உடைத்து மாதிரியாக்குங்கள்.

அதைக் கரைப்பதும் ஒரு பாடு. லித்தியம் ஃபுளோரைடு 100 மி.லி. தண்ணீரில் 0.13 கிராம்தான் கரையும். நைட்ரிக் அமிலத்தோடு போரிக் அமிலம் சேர்த்தால் ஃபுளோரைடு போரானோடு கட்டுண்டு, உலோகங்களை அளக்கும் பிளாஸ்மாக் கருவியின் குவார்ட்ஸ் டார்ச்சும் பிழைக்கும். தகட்டில் ஒட்டிய உப்பைக் கழுவ அலுமினியம் நைட்ரேட் கரைசலும் மீயொலித் தொட்டியும். வெறும் தண்ணீரில் கழுவி எடை போட்டவர்கள் லித்தியம் ஃபுளோரைடையும் சேர்த்து எடை போட்டிருக்கிறார்கள். மார்ச் 8இன் "எடை கூடியது" கேள்விக்கு இதுவும் ஒரு விடை, சொல்லப்போனால் நிக்கல் கதையைவிடச் சப்பையான, அடிக்கடி நடக்கிற விடை.

உப்பில் ஆக்சைடாகத் தங்கிய ஆக்சிஜனை அளக்கத் தனிக் கருவி வேண்டும்: கிராஃபைட் கிண்ணத்தில் மிகச் சூடாக்கி, கார்பன் ஆக்சைடாக வெளியேறுவதை அளப்பது. இந்த எண்ணைக் கொடுக்கிற அறிக்கைகள் குறைவு.

மார்ச் 15
ஃபுளோரைடுக்குப் பதில் குளோரைடு உப்புகள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அங்கே வில்லன் மக்னீசியம் குளோரைடு. ஆறு தண்ணீரோடு வரும். வேகமாகச் சூடேற்றினால் ஹைட்ராக்சிகுளோரைடாகி, 550 டிகிரியைத் தாண்டினால் ஹைட்ரஜன் குளோரைடை உமிழ்ந்து ஆக்சைடாகும். உருக்கிய பிறகு கொஞ்சம் மக்னீசியம் உலோகம் போட்டு வைப்பது நல்ல மருந்து. உலைக்கு என்றால் இன்னொரு தலைவலி: இயற்கைக் குளோரினில் முக்கால் பங்கு குளோரின்-35. அது நியூட்ரானைத் தின்று, 3 லட்சம் ஆண்டு அரைவாழ்வு கொண்ட குளோரின்-36 ஆகிறது. அதனால்தான் குளோரின்-37ஐச் செறிவூட்டப் பார்க்கிறார்கள். ஃபுளோரைடு பக்கம் இதே வேதனை லித்தியத்தில்: இயற்கையில் 7.6 சதவீதம் லித்தியம்-6, அது ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) தொழிற்சாலை.

மார்ச் 17
"உறைந்த உப்பு பாதுகாப்பானது, கொட்டினாலும் கல்லாகிவிடும்" என்று ஒருவர். சூடாக இருக்கும்வரை சரி. கதிரியக்க ஃபுளோரைடு உப்பு உறைந்து, அறை வெப்பத்தை ஒட்டி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கதிர்வீச்சே அதை உடைத்து ஃபுளோரின் வாயுவை விடும். சூடாக இருந்தால் ஃபுளோரின் பிறந்த இடத்திலேயே மறுபடி சேர்ந்துவிடும், குளிரில் சேராது. ஓக் ரிட்ஜில் நிறுத்தி வைத்த உப்பிலிருந்து யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு வாயுவாகக் கிளம்பி, வெளியேற்றக் குழாயின் கரிப் படுகை வரை போயிருந்ததை 1994இல் கண்டுபிடித்தார்கள். உலை நின்று கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

மார்ச் 18
பல்கலைக்கழகம் என்றால் மூசை மட்டும் இல்லை என்பதற்காக: டெக்சஸின் அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 1 மெகாவாட் வெப்பத் திறனில் திரவ எரிபொருள் உப்பு உலை கட்ட 2024 செப்டம்பரில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டுமான அனுமதி பெற்றது. சீனாவின் கான்சுவில் 2 மெகாவாட் தோரியம் உலை 2023 அக்டோபரிலேயே தொடர்வினையை எட்டிவிட்டது. தென் கரோலினா பல்கலைக்கழகக் குழு, உப்புகளின் வெப்ப இயக்கவியல் தரவுகளைத் தொகுக்கிறது. இவர்கள் அத்தனை பேரும் சாப்பிடுவது மூசைச் சோதனையில் பிறந்த எண்களைத்தான். ஃப்ளைநாக்கின் வெப்பக் கடத்துதிறனை ஐம்பதுகளில் மீட்டர்-கெல்வினுக்கு 4.5 வாட் என்று அளந்தார்கள். பிந்தைய அளவீடுகள் 1க்குக் கீழே. திரவத்தில் சலனமும் வெப்பக் கதிர்வீச்சும் புகுந்துகொண்டதைக் கடத்தல் என்று எண்ணியதன் விளைவு.

மார்ச் 20. கேள்வி கேட்டவர்
இரண்டு அறிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதிக இழப்பு காட்டியது: கிராஃபைட் மூசை, "வெற்றிடத்தில் உலர்த்தப்பட்டது" என்று ஒரே வரி, தண்ணீரில் கழுவல். குறைந்த இழப்பு: 316 குப்பியே மூசை, அமோனியம் பைஃபுளோரைடு சுத்திகரிப்பு, மூடிப் பற்றவைத்தது. ஆக்சிஜன் அளவு இரண்டிலும் இல்லை.

மார்ச் 20, இரவு
அப்படியென்றால் பத்து மடங்குதான் வந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட வேண்டும். குப்பியே 316 என்பதால் இரண்டாவதில் குரோமியத்தை எடுத்துத்தரக் குப்பிச் சுவரும் பங்குபோட்டுக்கொண்டது; தகட்டின் இழப்பு அதனாலேயே குறையும். குப்பியின் உள்பரப்பை அறிக்கையில் தேடிப் பாருங்கள். விட்டம், உயரம் கொடுத்திருந்தால் உப்பின் கன அளவுக்கு எத்தனை சதுர செ.மீ. உலோகம் என்று நாமே கணக்கிடலாம். இரண்டாவது அறிக்கையில் உப்பின் குரோமியம் அளவு இருக்கிறதா? இருந்தால் அதை மொத்தப் பரப்பால் வகுத்து இங்கே போடுங்கள்.

மார்ச் 21. கேள்வி கேட்டவர்
இருக்கிறது. விட்டமும் இருக்கிறது. உயரம் இல்லை.

மார்ச் 21
உப்பின் எடை இருக்குமே. 700 டிகிரியில் அடர்த்தி 1.97 வைத்துக்கொண்டு கன அளவு எடுங்கள், விட்டத்திலிருந்து உப்பின் மட்டம் வரும். தகடுகள் இடித்துத்தள்ளிய கன அளவைச் சேர்க்க மறக்க வேண்டாம்.